வைக்கோல் உருவினால் காய்ச்சல் வருமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயது. மழையில் நனைந்த படப்பிலிருந்து காலையில் மாட்டுக்கு வைக்கோல் உருவிப்போட்டால், சாயங்காலம் குளிர்காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல். ஓரிரு நாளில் தானாகச் சரியாகிறது. சளிப் பரிசோதனையில் டி.பி. இல்லை, வீசிங் என்று கொடுத்த இன்ஹேலரும் கேட்கவில்லை. மாட்டை விற்றுவிடலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: மாட்டை விற்க அவசரப்படாதீர்கள், சந்தேகம் வைக்கோல் மேல்தான். ஆஸ்துமா என்றால் தூசி பட்ட சில நிமிஷங்களிலேயே இழுக்கத் தொடங்கும். 4 முதல் 8 மணி நேரம் கழித்துக் காய்ச்சலோடு வந்தால், நுரையீரலின் காற்றறைகளில் உண்டாகும் ஒவ்வாமை அழற்சியாக இருக்கலாம். 'விவசாயி நுரையீரல்' என்பார்கள். தொற்று அல்ல, வீட்டில் யாருக்கும் ஒட்டாது.

ஈரத்தோடு அடைந்த வைக்கோல் உள்ளுக்குள் சூடேறும். அந்தச் சூட்டில் பூசணமும், பூசணம் போலவே படரும் ஒருவகை பாக்டீரியாவும் பெருகும். உருவும்போது புகையாகக் கிளம்புவது அவற்றின் வித்துகள். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணத்தின் வித்து 2–3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பாக்டீரியாவினுடையது 1 மைக்ரான் அளவுதான். மூக்கில் கட்டும் துண்டு இதற்கு ஆகாது. என்-95 முகக்கவசம் ஓரளவு காக்கும்; தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும்.

எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். நெஞ்சக நோய் மருத்துவரிடம் போகும்போது, வைக்கோல் தொட்ட நேரம், காய்ச்சல் வந்த நேரம் இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் எச்.ஆர்.சி.டி. ஸ்கேனும் மூச்சுத்திறன் பரிசோதனையும் தேவைப்படும். ஒவ்வாமைக்குப் பார்க்கும் ஐ.ஜி.இ. ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. அது மிக அதிகமாக ஏறுவது, ஆஸ்துமாக்காரர்களுக்கு வரும் வேறொரு ஆஸ்பெர்ஜில்லஸ் ஒவ்வாமையில். அந்த ஒவ்வாமை உள்ளவர்கள் பழுப்பு நிறத்தில் கட்டிச் சளி துப்புவார்கள். அதையும் டி.பி. என்று நினைத்து மாத்திரை கொடுப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது.

ஸ்டீராய்டு மாத்திரை அழற்சியை அடக்கும். ஆனால் தூசி தொடர்ந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகும், அது திரும்பாது. அதனால் இப்போதைக்கு அவர் படப்புப் பக்கமே போக வேண்டாம், வேறு யாராவது உருவட்டும். புதுப் படப்பைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், கல் அல்லது பனங்கட்டை மேல் போடுங்கள். மேலே தார்ப்பாய். கட்டுக்குள் கைவிட்டுப் பாருங்கள்: வெதுவெதுப்போ முடைநாற்றமோ இருந்தால் அதை மாட்டுக்கும் போடாதீர்கள். தண்ணீர் தெளித்து, தூசி அடங்கியபின் குப்பைக்குழிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஏர்கூலராலும் இப்படி வருமா?
– வாசகர், மதுரை

பதில்: வரும். 2017-இல் வெளியான இந்திய நுரையீரல் நோய்ப் பதிவேட்டில், நுரையீரல் திசு நோய் கொண்ட 1,084 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த ஒவ்வாமை அழற்சிதான். பலர் ஏர்கூலர் புழங்கியவர்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் பரணிலிருந்து இறக்கும்போது போன வருஷத்துப் புல் பேடை மாட்டாதீர்கள். தினமும் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பம்பை நிறுத்தி, பேடு காயும்வரை ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். அப்போது அறையில் யாரும் படுத்திருக்க வேண்டாம்.