பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் ட்ரோனையும் அரசிடம் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதைப் பற்றி, அதைப் பறக்கவிடுபவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்?

எட்டு வருடமாகப் பறக்கவிடுகிறேன். வேலைக்காக இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும். பதிவு செய்தவன்தான், எண் வாங்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதனால் "எங்கள் சுதந்திரம் போச்சு" என்று கொதிப்பவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். "ஒழுங்கானவனுக்குப் பதிவு செய்ய என்ன பயம்?" என்று கேட்பவர்களோடும் சேர்க்க வேண்டாம். எனக்கு இருப்பது ஒரே ஒரு குறை. பதிவு செய்வது ஆளையா, பொருளையா? ஆளை என்றால் எனக்குச் சம்மதம். பொருளை என்று சொல்லும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது.

ஏன் என்று புரிய என் மேசையைப் பார்க்க வேண்டும். போன மாதம் ஒரு ட்ரோன் மரத்தில் மோதி விழுந்தது. எஃப்பிவி ரகம், அதாவது கண்ணாடி மாட்டிக்கொண்டு அதன் கேமரா வழியாகவே பார்த்து ஓட்டுவது. மோட்டாரைத் தாங்கும் கார்பன் ஃபைபர் கை ஒன்று முறிந்தது, ஒரு மோட்டார் சுற்ற மறுத்தது, மோட்டார்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் போர்டு புகைந்தது. மூன்றையும் மாற்றினேன். அதற்கு முந்தைய விபத்தில் ட்ரோனை நிலையாகப் பறக்கவைக்கும் ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டு போயிருந்தது, அதற்கும் முன்னால் கேமரா. முதன்முதலில் சால்டர் வைத்து நான் செய்த ட்ரோனில் இன்று மிச்சம் இருப்பவை சில ஸ்க்ரூக்களும் பேட்டரியைக் கட்டும் பட்டையும்தான். இது அதே ட்ரோனா, வேறு ட்ரோனா? பதிவு எண்ணை மார்க்கரால் எழுதியிருந்தேன். எதில் என்றால், முறிந்து குப்பைக்குப் போன அந்தக் கையில்.

கடையில் பெட்டியோடு வாங்கும் ட்ரோனுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அடியில் வரிசை எண் ஒட்டியே வரும், உடைந்தால் கம்பெனிக்கு அனுப்புவார்கள், பதிவுப் படிவத்தை நிரப்ப ஐந்து நிமிடம். விதி எழுதியவர்கள் மனதில் இருந்தது அந்தப் பெட்டி ட்ரோன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் யோசித்து எழுதிய நாடுகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவருக்கு ஒரே எண், தன்னிடம் உள்ள எல்லாவற்றிலும் அதையே ஒட்டிக்கொள்ளலாம். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும்கூட இயக்குபவருக்குத்தான் எண். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனி எண், அது ட்ரோன், ஃப்ளைட் கன்ட்ரோலர், ரிமோட் மூன்றின் வரிசை எண்களோடும் பிணைக்கப்படுகிறது. ஒன்றை மாற்றினால் அரசின் இணையதளத்தில் போய்த் திருத்த வேண்டும். மேலே சொன்ன மேசைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, இந்தக் கோபமெல்லாம் எங்கிருந்து கிளம்பியது? பெரிய சண்டை நடந்த இடம் அமெரிக்கா. 2015 ஜனவரியில் ஒருவருடைய குவாட்காப்டர் (நான்கு சுழலிகள் உள்ள ட்ரோன்) கட்டுப்பாட்டை இழந்து வெள்ளை மாளிகைப் புல்வெளியில் விழுந்தது. அந்த ஆண்டே, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வீடு வீடாக ட்ரோன் பரிசாகப் போகப்போகிறது என்ற பதற்றத்தில் விமானப் போக்குவரத்துத் துறை அவசரமாகப் பதிவு விதியைக் கொண்டுவந்தது. 2015 டிசம்பர் 21 முதல் அமல். 250 கிராமுக்கு மேல் 25 கிலோ வரை, மூன்று ஆண்டுக்கு 5 டாலர். பதிவு செய்யாவிட்டால் 27,500 டாலர் வரை அபராதம், குற்ற வழக்கானால் மூன்றாண்டு சிறைவரை போகலாம் என்றார்கள். ஐந்து டாலருக்கு யாரும் சண்டை போடவில்லை. ஒரு பொம்மை விமானத்துக்குப் பக்கத்தில் சிறை என்ற சொல்லை வைத்ததுதான் பலருக்குச் சுருக்கென்றது.

அதோடு சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. 2012இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், மாதிரி விமானங்களைப் பற்றி (பொழுதுபோக்கு ட்ரோனும் அந்தக் கணக்கில்தான்) புதிய விதி எதுவும் போடக் கூடாது என்று அதே துறைக்குச் சொல்லியிருந்தது. ஜான் டெய்லர் என்ற பொழுதுபோக்குக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார், தானே வாதாடினார். 2017 மே மாதம் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் தெளிவாக இருக்கிறது, இந்தப் பதிவு விதி மாதிரி விமானங்களுக்குச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. எங்கள் ஆட்கள் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் ஏழு மாதம் தாங்கியது. டிசம்பரில் ராணுவச் செலவுக்கான சட்டத்துக்குள் ஒரு வரியை நுழைத்துப் பதிவை மறுபடி உயிர்ப்பித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பழைய விலக்கையே சட்டத்திலிருந்து எடுத்தாயிற்று.

இதில் உண்மையாகவே மனம் நொந்தவர்கள் என்னைப் போன்ற ட்ரோன் ஆட்கள் இல்லை, பழைய மாதிரி விமானக்காரர்கள். நாங்கள் போகும் மைதானத்துக்கு ஒருவர் வருவார். எழுபது வயது இருக்கும், பால்சா மரத்தை அறுத்து, ஒட்டி, மேலே மெல்லிய உறை போர்த்தி, ஒரு விமானத்துக்கு ஒரு வருடம் எடுத்துக்கொள்பவர். பதிவு பற்றிப் பேச்சு வந்தபோது இறக்கையைக் கழற்றி உடலுக்குள் ஒட்டியிருந்த ஒரு மஞ்சளடைந்த காகிதத்தைக் காட்டினார். அவர் பெயர், முகவரி.

"இதை முப்பது வருஷமா ஒட்டுறேன் தம்பி. விமானம் காணாமப் போனா என்கிட்ட திரும்பி வரணும்னு எழுதினது. இப்ப இவங்க கேக்குறது, இவங்க என்கிட்ட வர்றதுக்கு."

அவர் சொன்னது மிகையும் இல்லை. 1936இல் தொடங்கிய அமெரிக்க மாதிரி விமானச் சங்கம் தன் பாதுகாப்பு நெறிகளிலேயே பெயர், முகவரி அல்லது உறுப்பினர் எண்ணை விமானத்தில் வைக்கச் சொல்லியிருந்தது. விதி வந்தபோது அந்தச் சங்கம் தன் உறுப்பினர்களிடம் கொஞ்சம் பொறுங்கள், உடனே பதிவு செய்யாதீர்கள் என்றுகூடச் சொன்னது. தானாகச் செய்துகொண்டிருந்தவனைக் கூப்பிட்டுச் செய்யாவிட்டால் அபராதம் என்றால் வரும் எரிச்சல், பதிவை வெறுப்பதிலிருந்து வேறானது. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவதில்லை.

அப்புறம் அந்த 250 கிராம். இது எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை 2015இல் அமைத்த ஒரு குழு போட்ட கணக்கு: 250 கிராம் பொருள் ஒன்று வானிலிருந்து விழுந்தால் நொடிக்குச் சுமார் 25 மீட்டர் வேகம் பிடிக்கும். அந்த வேகத்தில் தலையில் பட்டால் ஆற்றல் ஏறக்குறைய 80 ஜூல். அதில் ஆள் இறக்க 30 சதவீத வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். பெருக்கிப் பார்த்தால் ஜூல் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் ட்ரோன் கூழாங்கல் இல்லை. விழுந்தால் இறக்கை பிய்யும், பிளாஸ்டிக் நொறுங்கும், ஆற்றலில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். போகட்டும், எங்காவது ஒரு கோடு கிழித்தாக வேண்டும்.

கோடு கிழித்ததும் எல்லாரும் கோட்டின் மேல் வந்து நின்றோம். 2019இல் டிஜேஐ என்ற சீன ட்ரோன் கம்பெனி வெளியிட்ட மேவிக் மினி 249 கிராம். அப்போது ஜப்பானில் வரம்பு 200 கிராம், அதனால் அங்கே அதே ட்ரோன் சின்ன பேட்டரியோடு 199 கிராமாக வந்தது. பின்னால் ஜப்பான் வரம்பை 100 கிராமாக இறக்கிவிட்டது. நானும் யோக்கியன் இல்லை. சமையலறைத் தராசில் ஒரு சின்ன ட்ரோனை வைத்தேன், 254 காட்டியது. நீளமான ஸ்க்ரூக்களை எடுத்துக் குட்டை ஸ்க்ரூ போட்டேன், 252. கேபிள் டைகளின் வாலை நறுக்கினேன், ஒட்டுப் பஞ்சை உரித்தேன், 250.5. பேட்டரிப் பட்டையில் ஓர் அங்குலம் வெட்டியதும் 249 என்று வந்தது. தராசு நடுங்கிக்கொண்டே இருந்தது, நானும்தான். கடைசியில் என்ன செய்திருக்கிறேன் பாருங்கள்: மோதினால் யார் கையையும் கிழிக்காமல் இருக்க இறக்கையைச் சுற்றி ஒரு காப்பு வளையம் வாங்கி வைத்திருந்தேன், அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். மாட்டினால் எடை வரம்பைத் தாண்டும். பாதுகாப்புக்காகப் போட்ட கோடு பாதுகாப்புச் சாமானைக் கழற்றவைத்தது. சிரிப்பதா அழுவதா?

"எண் இருந்தால் தப்பு செய்பவனைப் பிடிக்கலாமே" என்பதுதான் ஆதரிப்பவர்களின் முதல் வாதம். ட்ரோன் கையில் சிக்கினால் பிடிக்கலாம், உண்மைதான். 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் பார்த்ததாகச் சொல்லி ஓடுபாதையை மூடினார்கள். சுமார் 1,000 விமானங்கள், 1,40,000 பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். ட்ரோனும் கிடைக்கவில்லை, ஓட்டியவரும் கிடைக்கவில்லை. சந்தேகத்தில் பிடித்த ஒரு தம்பதியை வழக்கில்லாமல் விட்டுவிட்டார்கள். அடுத்த நவம்பரில் பிரிட்டனில் பதிவு கட்டாயமானது (அதற்குத் தேதி முன்பே குறித்தாயிற்று, கேட்விக்கால் வந்ததில்லை). கேட்விக் அன்று பதிவு அமலில் இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? ஓடுபாதைப் பக்கம் ட்ரோன் விடத் துணிந்தவன் போய்ப் படிவம் நிரப்பிவிட்டா விடுவான்?

எனக்கு இதில் ஞாபகம் வருவது சிபி ரேடியோ, அதாவது பொதுமக்கள் கொஞ்ச தூரத்துக்குள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் ரேடியோ. அமெரிக்காவில் அதற்கு உரிமம் வாங்க வேண்டும் என்று விதி. எழுபதுகளில் லட்சக்கணக்கானோர் வாங்கிப் பேச ஆரம்பித்தார்கள், ஏராளமானோர் உரிமத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. 1983இல் தனி உரிமத் தேவையையே எடுத்துவிட்டார்கள். ட்ரோனுக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை. ட்ரோன் தலையில் விழும், ரேடியோ விழாது.

இவ்வளவு குறை சொன்னபிறகு, பதிவால் எனக்குக் கிடைத்த நன்மையையும் சொல்லியாக வேண்டும். ஒரு காலை வயல் ஓரமாகப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் வேகமாக வந்தார், முகமே சரியில்லை.

"தம்பி, இது எங்க வீட்டைப் படம் பிடிக்குதா?"

"இல்லண்ணே. இந்தப் பக்கம்தான் திருப்பியிருக்கேன், நீங்களே பாருங்க" என்று திரையைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை.

"பர்மிஷன் இருக்கா?"

இறக்கி, ட்ரோனின் வயிற்றில் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினேன். போனில் பதிவுச் சான்றையும் காட்டினேன். அவ்வளவுதான், குரல் இறங்கிவிட்டது. எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்க ஆரம்பித்தார். பதிவு எண் அனுமதி இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் வீட்டுக்கு மேல் பறக்கவிடும் உரிமையை அது தருவதில்லை, எனக்குப் பறக்கவிடத் தெரியும் என்பதற்கும் அது சாட்சி இல்லை. ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது இந்த ஆள் ஓடிப்போகிறவன் இல்லை என்ற நம்பிக்கை. அதைக் கொடுத்தது அந்த எண்தான். பதிவு இல்லாத காலத்தில் இதே மாதிரி ஒரு சந்திப்பில் காட்ட ஒன்றும் இல்லாமல் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன்.

இதனால்தான் ஆளைப் பதிவு செய்யுங்கள் என்கிறேன். ஒரு சின்னத் தேர்வும் வைக்கட்டும், அமெரிக்காவில் இப்போது வைக்கிறார்கள், இலவசம்தான். விமான நிலையத்துக்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று தெரியாத புது ஆள் அதை ஒருமுறை படித்தாலே, நூறு வரிசை எண்களைப் பதிவு செய்வதைவிட அதிகப் பயன்.

ரிமோட் ஐடி வேறு கதை. பறக்கும்போதே ட்ரோன் தன் எண்ணையும் இடத்தையும், ஓட்டுபவர் நிற்கும் இடத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் உள்ள யாரும் போனில் பிடிக்கலாம். அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துகிறார்கள். பெயர் வராது, ஆனால் நான் எந்த மரத்தடியில் நிற்கிறேன் என்பது வரும். வண்டிக்கு எண் பலகை மாட்டுகிற மாதிரிதானே என்கிறார்கள். எண் பலகையைப் பார்த்தால் வண்டிக்காரர் நிற்கும் இடமா தெரிகிறது? கண்ணாடி மாட்டிக்கொண்டு, சுற்றி என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவன் நான். வயல் ஓரத்தில் வந்தவர் நல்ல மனிதர், எல்லாரும் அப்படி இருப்பார்களா? பதிவுக்குத் தலையாட்டிய பலர் இதற்கு ஆட்டவில்லை, நானும் ஆட்டவில்லை.

புதிதாக வாங்கப் போவதால் இதைக் கேட்கிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். எடை பார்க்கும்போது பேட்டரி, மெமரி கார்டு, காப்பு வளையம் எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள், பெட்டியில் போட்டிருக்கும் எடையை நம்ப வேண்டாம். பதிவு எண்ணுக்குக் கீழேயே போன் நம்பரையும் எழுதிவிடுங்கள், வயலில் விழுந்ததை எடுத்தவர் அரசுத் தளத்தில் போய்த் தேடிக்கொண்டிருக்க மாட்டார். இரண்டையும் நடு ஃப்ரேமில் எழுதுங்கள். ட்ரோனின் கையில் எழுதாதீர்கள், முதலில் முறிவது அதுதான்.