நினைப்பதை எப்படி நடிப்பது?

கேள்வி: நான் எழுதிய குறுநாவலை நானே நாடகமாக்கினேன். பூர்வீக வீட்டை விற்கக் கையெழுத்துக் கேட்டு வருகிறான் தம்பி. போட மறுக்கிறாள் அக்கா. இதுதான் கதை. பாதிக்கு மேல் அக்காவின் மன ஓட்டம். அதையெல்லாம் பின்னணிக் குரலாக மாற்றினேன். வாசித்துப் பார்த்த நடிகர்களோ, "மேடையில் எங்களுக்கு வேலையே இல்லையே" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் நடிகர்கள் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள்.

'அவளுக்குக் கையெழுத்துப் போட மனமில்லை' என்று கதையில் எழுதினால் போதும், வாசகர் நம்பிவிடுவார். மேடையில் அந்த வரியைச் சொல்ல நீங்கள் இல்லை. ஒலிபெருக்கியில் சொல்ல வைத்தால், அவ்வளவு நேரமும் நடிகை சும்மா நிற்க வேண்டியதுதான். பின்னணிக் குரலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். அந்தப் பத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, 'இப்படி நினைப்பவள் தம்பியிடம் எப்படி நடந்துகொள்வாள்?' என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக் காட்சியையே பார்ப்போம். தம்பி வரும் சத்தம் கேட்கிறது. அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடுகிறாள். அவன் பத்திரத்தை நீட்டியதும், "கண்ணாடியை எங்கே வெச்சேன்னு தெரியலையே, கொஞ்சம் தேடிப் பாருடா" என்கிறாள். அவன் தேடுகிறான். கண்ணாடி இருக்கும் இடம் பார்வையாளருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவன் மேசைப் பக்கம் போகும்போதெல்லாம் அரங்கம் நிமிர்ந்து உட்காரும். அவளுக்கு மனமில்லை என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. தேடிக்கொண்டே பேசும் பேச்சில் பழைய மனத்தாங்கல்கள் வரட்டும். ஆனால் நமக்கு முன்கதை சொல்வதற்காக வரக்கூடாது. ஒருவரையொருவர் குத்துவதற்காக வரவேண்டும். "அப்பா போன அன்னிக்கு எங்கேடா இருந்தே?" என்று அவள் கேட்டுவிட்டால் ஒரு அத்தியாயமே உள்ளே வந்துவிடும்.

குறுநாவல் எத்தனை வருடக் கதையாக இருந்தாலும் நாடகம் அந்த ஒரு மாலையிலேயே நடக்கட்டும்.

நீங்களே எழுதிய வரிகளை வெட்ட மனம் வராது. ஆனாலும் வெட்டத்தான் வேண்டும். துப்பறியும் கதைகள் எழுதிய அகதா கிறிஸ்டி 1946இல் வெளியான தம்முடைய 'தி ஹாலோ' நாவலை 1951இல் மேடைக்குக் கொண்டுவந்தபோது, உலகமே கொண்டாடிய தம் துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோவையே அதிலிருந்து எடுத்துவிட்டார். நாடகத்துக்கு அவர் தேவைப்படவில்லை. உங்கள் கதையிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். அழகாக எழுதப்பட்டவர் என்பதற்காக வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் இந்த ஒரு காட்சியை மட்டும் திருத்தி, அதே நடிகர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் கேளுங்கள். குறுக்கிட்டு விளக்க வேண்டும்போல் எங்கே தோன்றுகிறதோ, அந்த இடம் இன்னும் கதையாகவே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

குறுநாவல் ஏற்கெனவே அச்சில் வந்திருந்தால், நாடக உரிமை யாரிடம் இருக்கிறது என்று பதிப்பக ஒப்பந்தத்தில் பாருங்கள். ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.