ராத்திரி புல்லரிக்க வைத்த ட்ராக் காலையில் சப்பென்று இருக்கிறதே?

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே சில வருடங்களாக வீட்டில் எஃப்.எல். ஸ்டுடியோ என்ற கணினி மென்பொருளில் இசையமைக்கிறேன். ராத்திரி ஹெட்போனில் கேட்டால் புல்லரிக்கிறது. அதே ட்ராக்கைக் காலையில் பஸ்ஸில் போனில் கேட்டால் சப்பென்று இருக்கிறது. படப் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் கேட்கவே வேண்டாம். நண்பர்கள் நல்லா இருக்கு என்கிறார்கள், நம்ப முடியவில்லை. முடிக்காத ப்ராஜெக்ட்டுகள் ஹார்ட் டிஸ்க் நிறையக் கிடக்கின்றன. நல்ல பிளக்இன் (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் ஒலிக்கருவி) வாங்கினால் சரியாகுமா, இல்லை எனக்கு இது வராதா?

பதில்: வருமா வராதா என்பதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நீங்கள் எழுதியதை வைத்து அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ராத்திரிக்கும் காலைக்கும் நடுவில் என்ன மாறுகிறது என்பதைச் சொல்ல முடியும். அதில் பெரும்பகுதிக்கும் உங்கள் திறமைக்கும் சம்பந்தமே இல்லை.

நம் காது எல்லா வால்யூமிலும் ஒரே மாதிரி கேட்பதில்லை. சத்தம் குறையக் குறைய, பாட்டின் மற்ற பகுதிகளைவிட பேஸ், அதாவது தாழ்ந்த கனமான ஒலி, சீக்கிரம் மங்கிவிடும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ராத்திரி வால்யூமை ஏற்றிக் கேட்கும்போது கிக்கும் (பெரிய ட்ரம்மின் அடி) பேஸும் நிறைவாக இருக்கும். காலையில் குறைந்த சத்தத்தில் அவை மெலிந்துவிடும், போதாததற்கு பஸ் என்ஜினின் இரைச்சல் மிச்சமிருக்கும் பேஸையும் மூடிவிடும். ட்ராக் கெட்டுப்போகவில்லை. நீங்கள் ராத்திரி கேட்டதில் ஒரு பங்கு வால்யூம் தந்த மயக்கம், அவ்வளவுதான்.

அதனால் மிக்ஸ் செய்யும்போது, அதாவது எல்லா ஒலிகளையும் அளவாகக் கலக்கும்போது, பக்கத்தில் ஒருவர் சாதாரணக் குரலில் பேசினால் காதில் விழும் அளவுக்கு வால்யூமை வையுங்கள். அதைத் தொடவே தொடாதீர்கள். அந்த அளவில் குரலும் கிக்கும் தெளிவாக நின்றால் சத்தமாக வைத்தாலும் பெரும்பாலும் நிற்கும். ஏற்றிக் கேட்பதை ஓரிரு நிமிடச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 94 டெசிபலில் ஒரே மணி நேரம்தான். களைத்த காதுக்கு முதலில் ட்ரெபிள்தான், அதாவது கூர்மையான உயர்ந்த ஒலிதான், மங்கும். அப்போது நீங்கள் ட்ரெபிளை ஏற்றுவீர்கள், காலையில் அதே ட்ராக் காதைக் கிழிக்கும்.

ஸ்பீக்கரில் கேட்பவராக இருந்தால் அறையையும் சந்தேகப்படுங்கள். 10 அடி நீள அறையில் சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒலி சுவர்களுக்கு இடையே மாட்டிக்கொள்ளும். அது கிட்டத்தட்ட கிக்கின் அடிநாதம் இருக்கும் இடம். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அது காணாமல் போகும், சுவரை ஒட்டி உட்கார்ந்தால் ஊதிப்போய்க் கேட்கும். நாற்காலியை முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

அடுத்து படப் பாட்டு. அது நேரடி வாத்தியக் கலைஞர்கள், பாடகர், மிக்ஸ் என்ஜினியர், மிக்ஸ் முடிந்த பாட்டை வெளியீட்டுக்குக் கடைசியாக மெருகேற்றும் மாஸ்டரிங் என்ஜினியர் என்று பலர் கைபட்டு வந்தது. இது உங்களுக்கும் தெரியும், தெரிந்தும் ஒப்பிடுகிறீர்கள். ஒப்பிடுவது தப்பில்லை, ஒப்பிடும் முறைதான் தப்பு. மாஸ்டர் செய்த பாட்டு மைனஸ் 8 எல்.யூ.எஃப்.எஸ். (பாட்டின் சத்தத்தை அளக்கும் அலகு) அளவிலும் உங்கள் மிக்ஸ் மைனஸ் 18லும் இருந்தால், அந்தப் பாட்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் காதில் விழும். சத்தமாக இருப்பது நன்றாக இருப்பது போலவே தோன்றும். ஒப்பிட எடுத்த அந்த ரெஃபரன்ஸ் பாட்டை ப்ராஜெக்ட்டுக்குள் தனி ட்ராக்காக வைத்து, இரண்டும் ஒரே அளவு வரும்வரை அதன் வால்யூமை இறக்குங்கள். பிறகு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: குரல் எவ்வளவு முன்னால் நிற்கிறது, அல்லது பேஸ் எங்கே நிற்கிறது. மொத்தப் பாட்டையும் மொத்தப் பாட்டோடு ஒப்பிட்டால் மிஞ்சுவது வயிற்றெரிச்சல்தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் யாராவது ‘என் பாட்டு எனக்கே பிடிக்கவில்லை’ என்று சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த இடத்தில்? ‘1 நிமிடம் 12 நொடியில் சரணம் ஆரம்பிக்கும்போது தொய்கிறது’ என்று பதில் வந்தால் அது உருப்படியான அதிருப்தி, அதை வைத்து வேலை செய்யலாம். ‘மொத்தமா என்னவோ மாதிரி இருக்கு’ என்று வந்தால் பெரும்பாலும் அது களைப்பு. அதைக் கேட்டு ப்ராஜெக்ட்டைத் திறந்து எட்டு பார் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் எட்டுத் தாளவட்டத் துண்டை) மறுபடி நோண்ட ஆரம்பித்தால், உருப்படியாக இருந்ததும் கெடும்.

இதைப் பழக்கமாக்க ஒரு வழி: ட்ராக்கை எக்ஸ்போர்ட் செய்யுங்கள், ஒரு வாரம் தொடாதீர்கள். பிறகு லேப்டாப் பக்கமே போகாமல், நடந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் கேளுங்கள். திரையில் அலைவடிவம் ஓடிக்கொண்டிருந்தால் காது சும்மா இருந்துவிடும், அடுத்து டிராப் (பீட் முழு வேகத்தில் வந்து விழும் இடம்) வருகிறது என்பதைக் கண்தான் முன்கூட்டியே சொல்லும். குறை தோன்றும் இடங்களை நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். நேரம் போட முடியாத குறையை எழுதாதீர்கள். மறுநாள் அந்தத் தாளில் இருப்பதை மட்டும் சரிசெய்யுங்கள்.

எழுதிய குறைகள் மிக்ஸைப் பற்றியவையா, மெட்டைப் பற்றியவையா என்று பிரிப்பதும் அவசியம். வெறும் பியானோ ஒலியில் மெட்டை வாசித்துப் பாருங்கள், இல்லையென்றால் முணுமுணுத்துப் பாருங்கள். பீட்தான் பாட்டு என்றால், மூன்றே மூன்று ட்ராக் மிஞ்சும்வரை மற்றதை மியூட் செய்யுங்கள். அப்போதும் நின்றால் பிரச்சினை மிக்ஸில் இருக்கிறது, அது சரிசெய்யக்கூடியது. நிற்கவில்லை என்றால் எதிரொலி சேர்க்கும் ரிவெர்பும் சத்த ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும் கம்ப்ரெஸரும் காப்பாற்றாது. மெட்டை மாற்றுங்கள், அல்லது அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நண்பர்களிடம் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘சூப்பர் மச்சி’ என்றுதான் வரும். பாசம் அது, கருத்து இல்லை. ‘எந்த இடத்தில் போரடிச்சுது?’ என்று கேளுங்கள். அதற்கு முன்னால் ‘இன்னும் முடிக்கல, சும்மா ஒரு டெமோ’ என்று முன்னுரை வேண்டாம். பாட்டு ஓடும்போது அவர்கள் எப்போது போனை எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு ஆட்கள் ஒரே இடத்தில் எடுத்தால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது.

பெயர் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீருமா என்றால், தீராது. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் தன் முதல் சிம்ஃபனியை 1850களில் தொடங்கினார், அது அரங்கேறியது 1876 நவம்பரில். அப்போது அவருக்கு 43 வயது. பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸோ 1940களில் தன் எட்டாவது சிம்ஃபனியின் கைப்பிரதியை நெருப்பில் போட்டுவிட்டார். பிராம்ஸிடம் எனக்குப் பிடித்தது, அந்த இருபது வருடமும் அவர் மற்ற படைப்புகளை முடித்து வெளியே விட்டுக்கொண்டே இருந்ததுதான். ஒன்று இழுத்தடித்தால் அது இழுக்கட்டும், மற்றவை ஏன் நிற்க வேண்டும்?

உங்கள் ஹார்ட் டிஸ்க்கையும் அப்படியே நடத்துங்கள். கிடப்பில் இருப்பதில் ஒன்றை மட்டும் எடுத்து, மாதக் கடைசித் தேதியைக் குறித்து, மிடி ட்ராக்குகளை (ஸ்வரக் குறிப்புகளாக மட்டும் பதிவான ட்ராக்குகளை) எல்லாம் ஆடியோவாக மாற்றிவிடுங்கள். அப்புறம் சிந்த் (மின்னணு வாத்தியம்) ஒலியை ராத்திரியெல்லாம் திருகிக்கொண்டிருக்க முடியாது. முடிந்ததை வெளியிட வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் முடிவு, இடைவெளி, மாஸ்டரிங் போன்ற வேலைகள் முடித்த ட்ராக்கில்தான் கைவரும். லூப்பிலேயே நின்றால் அவை கடைசிவரை வராது.

இன்னொன்று. இந்த மனக்கசப்பு பாட்டோடு நிற்காமல் தூக்கம், சாப்பாடு, மற்ற சந்தோஷங்கள் எல்லாவற்றையும் வாரக்கணக்கில் தின்கிறது என்றால் அது மிக்ஸிங் பிரச்சினை இல்லை. அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

பிளக்இன் வாங்க வேண்டாம். எஃப்.எல். ஸ்டுடியோவோடு வரும் ஈக்யூவும் (பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கம்ப்ரெஸரும் உங்களுக்கு இப்போது தாராளம். கையில் காசு இருந்தால், முடித்த ஒரே ஒரு ட்ராக்கை அனுபவமுள்ள மிக்ஸ் என்ஜினியரிடம் கொடுங்கள். எத்தனை திருத்தம் செய்துதருவார், என்ன மாற்றினார் என்று விளக்குவாரா என்பதைக் கட்டணம் பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய மிக்ஸ் வந்ததும் உங்களுடையதை அதன் பக்கத்தில் வைத்து, வால்யூமைச் சமமாக்கி, அதே தாளோடு உட்காருங்கள்.