காதுகுத்து வீட்டில் ஒரு விமர்சனம்

இந்த மாதத் தபாலில் எழுத்தாளர்கள்மேல் புகார்தான் அதிகம். மாம்பழப் பருவத்துச் சேலம் வெயில் எல்லோர் தலையிலும் ஏறிவிட்டது போலிருக்கிறது.

கேள்வி: ஒரு எழுத்தாளரின் நாவலை 350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பிடிக்கவில்லை. அதை முகநூலில் அவரிடமே நேர்மையாகச் சொன்னேன். உடனே என்னை பிளாக் செய்துவிட்டார். விமர்சனத்தைத் தாங்க முடியாதவர் எதற்காக எழுத வர வேண்டும்?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: நீங்கள் எழுதியதன் நகலையும் கடிதத்தோடு வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. 'முப்பது பக்கத்துக்கு மேல் முடியவில்லை. காகிதம்தான் வீண். வீட்டில் யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்களா?' இதை எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று பார்த்தேன். அவருடைய பேத்தியின் காதுகுத்துப் படத்துக்குக் கீழே! தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழுகிறது, கீழே வரிசையாக வாழ்த்துகள், நடுவில் உங்கள் 'காகிதம் வீண்'.

தம்பி, முப்பது பக்கத்தோடு ஒரு நாவலை மூடிவைக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நானே எத்தனையோ மூடியிருக்கிறேன். 'முப்பது பக்கத்துக்குள் பதினோரு பேர் வந்துவிட்டார்கள், யாருக்கு யார் என்ன உறவென்றே பிடிபடவில்லை' என்று உங்கள் பக்கத்தில் எழுதியிருந்தால் அவருக்கும் உறைத்திருக்கும். 350 ரூபாயில் வழக்கமான பத்து சதவீத ராயல்டி ஒழுங்காக வந்தால் அவர் கைக்குக் கிடைப்பது 35 ரூபாய். அதற்காகத் தன் வீட்டு விசேஷத்திலேயே வசவு வாங்க வேண்டுமா? அவர் பிளாக் செய்ததோடு விட்டார். நானாக இருந்தால் மொய் கேட்டிருப்பேன்.

கேள்வி: அந்தக் காலத்து வாசகர்கள் எழுத்தாளர்களைத் தெய்வம்போல் மதித்தார்களாமே?
– கல்லூரி மாணவி, ஆத்தூர்

பதில்: யாரம்மா சொன்னது? 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, இப்படித் திடீரென்று முடிக்கலாமா என்று வாசகர்கள் சண்டைக்கு வந்தார்கள். பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று கல்கி தனியாக ஒரு முடிவுரையில் விளக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் 1893-ல் ஷெர்லாக் ஹோம்ஸைச் சாகடித்த கானன் டாயில், 1903-ல் அவரை உயிரோடு கொண்டுவந்த பிறகுதான் வாசகர்கள் சமாதானமானார்கள். இவர்களெல்லாம் வரி விடாமல் படித்த கோபக்காரர்கள். மொட்டைக் கடுதாசி தனி ரகம். பெண் எழுதினால் கொஞ்சம் கூடுதலாகவே வரும். எனக்கு வந்த ஒன்றில் பெயரும் இல்லை, தபால்தலையும் இல்லை. என்னைத் திட்டிய கடிதத்தை இரட்டைக் கட்டணம் கட்டி நானே வாங்கினேன். போலிக் கணக்குகள் வந்த பிறகு அந்தச் செலவு மிச்சம்.

கேள்வி: நாலு பேர் திட்டினால் எழுத்தாளர் எழுதுவதையே விட்டுவிடுவாரா? மிகைப்படுத்துகிறார்கள் என்றே நினைக்கிறேன்.
– வாசகர், ராசிபுரம்

பதில்: ராசிபுரத்துக்காரர் இதைக் கேட்கலாமா? 1997 வரை நீங்கள், நாங்கள், திருச்செங்கோடு எல்லாம் ஒரே சேலம் மாவட்டம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வந்தது 2010-ல். நாலு வருடம் யாரும் வாய் திறக்கவில்லை. 2014 கடைசியில் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துத் திருச்செங்கோட்டில் சுற்றுக்கு விட்டார்கள். புத்தகத்தைக் கொளுத்தினார்கள், கடையடைப்பு நடந்தது, நாமக்கல்லுக்குப் பேச்சுவார்த்தைக்கு அழைத்து மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார். பிடிக்காத புத்தகத்தைத் தூக்கி எறியுங்கள், படித்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரை மறுபடி எழுதச் சொன்னது 2016 ஜூலையில். நடுவில் போன ஒன்றரை வருடத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்போது நகல் கடைவரை நடக்கும் வேலையும் இல்லை. பக்கத்தைப் படம் பிடித்து, ஒரு வாக்கியத்துக்கு அடியில் சிவப்புக் கோடு இழுத்து, பக்க எண்ணும் மேல் பத்தியும் வெட்டுப்படும்படி அனுப்பினால் போதும். அந்த வாக்கியத்தைப் பேசுகிறவன் கதையின் அயோக்கியன் என்பது வெட்டுப்பட்ட பத்தியில் இருக்கும். சில சமயம் பக்கமே தேவைப்படுவதில்லை. 2023-ல் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட், சைபீரியாவில் நடக்கும் ஒரு நாவல் வரப்போவதாக அறிவித்தார். உக்ரைன் போர் நேரத்தில் ரஷ்யக் கதையா என்று வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் நூற்றுக்கணக்கில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார்கள். புத்தகம் கடைக்கே வரவில்லை ஐயா! ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதை நிறுத்திவைத்தார்.

கேள்வி: எழுத்தாளரிடமே பிடிஎஃப் கேட்பது தவறா?
– வாசகி, மேட்டூர்

பதில்: அண்மையில் எனக்கு வந்த செய்தி: 'அம்மா, உங்கள் புது நாவல் அருமை என்று கேள்விப்பட்டேன். பிடிஎஃப் அனுப்பவும். எழுத்து பெரிதாக இருந்தால் நல்லது.' கடைசி வரிக்காகவே மன்னித்துவிட்டேன். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடையில் போய், நன்றாக இருக்கிறதாம், ஒரு ஜோடி அனுப்புங்கள் என்று கேட்பீர்களா? காசில்லை என்றால் ஊர் நூலகத்தில் உறுப்பினராகுங்கள். இல்லாத புத்தகத்தை வாங்கச் சொல்லிக் கேளுங்கள். காப்புரிமை, ஆசிரியர் இறந்து 60 ஆண்டுவரை உண்டு. நான் இன்னும் இருக்கிறேன்.

கேள்வி: உங்களை மிகவும் மகிழ்வித்த வாசகர் யார்?
– வாசகர், ஏற்காடு

பதில்: உங்கள் ஊர்க்காரர்தான். காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதியிருந்தார். பாராட்டு ஒரு வரிகூடக் கிடையாது. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினான்காவதில் என் கதையின் பஸ் நிற்கும். 'பக்கம் 112: அங்கே பஸ் நிற்காது, ஒதுங்க இடமில்லை. பக்கம் 140: மூட்டையோடு ஏறிய கிழவி வெறுங்கையோடு இறங்குகிறாள். மூட்டை எங்கே?' அவள் வேண்டுமென்றுதான் விட்டுவிட்டு இறங்கினாள் என்று பதில் போட்டேன். 'அப்படியென்றால் சரி. ஆனால் பஸ்?' என்றார். ரேடியேட்டர் சூடாகி நின்ற பஸ் அது. ரேடியேட்டர் இடம் பார்த்தா சூடாகும்? பதினைந்தாவது வளைவுக்கு மாற்றலாமே என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மாற்றப்போவதில்லை.