பேச்சுத் திறமை மட்டும் போதுமா? மக்கள் தொடர்புப் பணியில் சேர நினைப்பவருக்கு

கேள்வி: ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, கோயம்புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். சென்னையில் உள்ள மக்கள் தொடர்பு நிறுவனம் ஒன்றிலிருந்து இளநிலைப் பணிக்கு அழைப்பு வந்திருக்கிறது. எனக்குப் பேச்சு நன்றாக வரும், யாருடனும் எளிதில் பழகுவேன் என்பதால் இந்த வேலை பொருந்தும் என்று தோழிகள் சொல்கிறார்கள். வீட்டிலோ, சினிமாக்காரர்களின் பின்னால் அலையும் வேலை என்று தயங்குகிறார்கள். உண்மையில் அந்த வேலை எப்படிப்பட்டது? சேரலாமா?

பதில்: உங்கள் வீட்டாரின் எண்ணத்துக்கு ஒரு காரணம் உண்டு. தமிழகத்தில் பி.ஆர்.ஓ. எனப்படும் மக்கள் தொடர்பு அலுவலரைப் பொதுமக்கள் அறிந்துகொண்டதே பெரும்பாலும் திரைப்பட விளம்பரங்களின் வழியாகத்தான். 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்துக்குப் பணியாற்றிய ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன், தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளராக அறியப்படுகிறார். ஆனால் உங்களை அழைத்திருப்பது போன்ற நிறுவனங்களுக்கு மாதக் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் மருத்துவமனைகள், வங்கிகள், கல்லூரிகள், வாகன உற்பத்தியாளர்கள், புத்தொழில் நிறுவனங்கள் ஆகியவையே. இதை வீட்டில் விளக்கினால் பாதித் தயக்கம் நீங்கிவிடும்.

நான் மறுக்க வேண்டியிருப்பது உங்கள் தோழிகளின் கருத்தைத்தான். இளநிலைப் பணியில் சேருபவர் முதல் ஓரிரு ஆண்டுகளில் பேசுவதைவிட மிகுதியாகப் படிக்கிறார், எழுதுகிறார், காத்திருக்கிறார். வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு வருவதற்கு முன்பே அவரைப் பற்றியும் அவருடைய போட்டியாளர்களைப் பற்றியும் காலை நாளிதழ்களிலும் இணையதளங்களிலும் வந்தவற்றைத் திரட்டி அனுப்பிவிட வேண்டும். தமிழ் நாளிதழ்களுக்கு ஊர்தோறும் தனிப் பதிப்புகள் இருப்பதால், மதுரைப் பதிப்பில் வந்த செய்தி சென்னைப் பதிப்பில் கண்ணில் படாமல் போகலாம். அதைத் தேடிப்பிடிப்பதும் உங்கள் வேலையே. பிறகு செய்தியாளர்களின் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும்; யார் எந்தப் பத்திரிகைக்கு மாறினார், மருத்துவச் செய்திகளை இப்போது யார் எழுதுகிறார் என்பதெல்லாம் அதில் சரியாக இருக்க வேண்டும். அதன் பின்னர் தொலைபேசி. மாலையில் செய்தி எழுதும் அவசரத்தில் இருப்பவரை அழைத்து, “மின்னஞ்சல் கிடைத்ததா?” என்று கேட்பவரை எந்தச் செய்தியாளரும் விரும்புவதில்லை; முற்பகல்தான் அழைப்பதற்கு ஏற்ற நேரம். பெரும்பாலான அழைப்புகளுக்கு ‘வேண்டாம்’ என்ற பதில் வரும், பலவற்றுக்குப் பதிலே வராது. இதை மனத்தளவில் எடுத்துக்கொள்பவர்கள் ஓராண்டுக்குள் விலகிவிடுகிறார்கள்.

எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்களுக்கு உண்மையான பலம் அங்கேதான் இருக்கக்கூடும். இடம் போதாதபோது வாடிக்கையாளருக்காக நாம் அனுப்பும் செய்தி அறிக்கையைச் செய்தி ஆசிரியர் கீழிருந்து வெட்டுவார் என்பதால், எது, எங்கே, எப்போது, யாருக்குப் பயன் என்பவை முதல் பத்தியிலேயே அடங்கிவிட வேண்டும். வாடிக்கையாளரோ முதல் வரியில் தலைவரின் பெயரும், அதற்கு முன்னால் நான்கு அடைமொழிகளும் வேண்டும் என்பார். அந்த அடைமொழிகள் அச்சேறப் போவதில்லை என்பதை, அவர் மனம் புண்படாதவாறு விளக்குவதுதான் இத்தொழிலில் நீங்கள் நடத்தப்போகும் கடினமான உரையாடல். செய்தியாளருடனான பேச்சு அதைவிட எளிது. ஆங்கில அறிக்கையை இயந்திர மொழிபெயர்ப்பில் தமிழாக்கி அனுப்பும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அவ்வாறு வருபவற்றைப் பத்திரிகையின் செய்தி மேசையில் இருப்பவர்கள் இரண்டு வரி படித்துவிட்டு ஒதுக்குகிறார்கள். மாறாக, நேராகத் தமிழில் எழுதப்பட்ட நல்ல அறிக்கை மாவட்டப் பக்கங்களில் சிறு மாற்றங்களுடன் அப்படியே வெளிவருவதுண்டு. இரு மொழிகளிலும் எழுதத் தெரிந்தவர்கள் இத்துறையில் குறைவு.

இதழ்களில் வந்த செய்தியின் பரப்பளவை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, “இத்தனை லட்ச ரூபாய் மதிப்புள்ள செய்தி வந்தது” என்று மாத இறுதியில் கணக்குக் காட்டச் சொல்வார்கள். அந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று 2010ஆம் ஆண்டின் பார்சிலோனா கோட்பாடுகளிலேயே இத்துறையினர் அறிவித்துவிட்டனர்; ஆயினும் வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள், நிறுவனங்களும் கொடுக்கின்றன. செய்தியாளர் சந்திப்பில் பணம் வைத்த உறையை நீட்டச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள், அதனால் வேலை போனாலும் சரி.

வெளியில் பலரும் அறியாத கட்டுப்பாடு ஒன்றும் உண்டு. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் காலாண்டு முடிவு பற்றிய அறிக்கையை, அது சந்தைக்குத் தெரிவிக்கப்படுவதற்கு முன்பே நீங்கள் எழுத நேரலாம். பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, வெளியாகாத அந்த விவரத்தைக் கையில் வைத்திருக்கும் நீங்களும் உள்தகவல் அறிந்தவரே. அந்தப் பங்கில் வணிகம் செய்வதோ, வீட்டில் அப்பாவிடம் பேச்சுவாக்கில் சொல்வதோ குற்றமாகும்.

இனி நெருக்கடிக் காலம். இதற்கு ஒரு நல்ல பாடம் 2015இல் மேகி நூடுல்ஸுக்கு நேர்ந்தது. உத்தரப் பிரதேசத்தில் எடுக்கப்பட்ட மாதிரியில், அனுமதிக்கப்பட்ட 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) அளவுக்கு மாறாக 17.2 பிபிஎம் ஈயம் இருப்பதாக ஆய்வறிக்கை கூறியது. ‘எம்எஸ்ஜி (சுவையூட்டும் உப்பு) சேர்க்கப்படவில்லை’ என்ற உறைவாசகமும் கேள்விக்குள்ளானது. தங்கள் பரிசோதனைகளில் ஈயம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று நிறுவனம் சொல்லி வந்தது. ஆனால் குழந்தைக்கு அதைச் சமைத்துக் கொடுத்த தாய் கேட்டது ஆய்வக எண்ணை அன்று. வீட்டில் மீதமிருக்கும் பொட்டலத்தை என்ன செய்வது என்பதையே கேட்டாள். ஜூன் 5ஆம் நாள், பொருள் பாதுகாப்பானதே என்று கூறியவாறே நிறுவனம் அதைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதே நாளில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும் தடை விதித்துத் திரும்பப் பெற உத்தரவிட்டது. ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்துசெய்து மறுபரிசோதனைக்கு ஆணையிட்டது. நவம்பரில் மேகி மீண்டும் விற்பனைக்கு வந்தது. அதற்குள் 30,000 டன்னுக்கும் மேற்பட்ட நூடுல்ஸ் அழிக்கப்பட்டிருந்தது. நீதிமன்றத்தில் எடுபடும் வாதம் வேறு, மளிகைக் கடையில் எடுபடும் விளக்கம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் அரிது.

இப்படிப்பட்ட நாள்களில் மக்கள் தொடர்பாளரின் முக்கால்வாசி உழைப்பு நிறுவனத்துக்குள்ளேயே செலவாகிறது. தொழிற்சாலை மேலாளர் முழு உண்மையையும் சொல்லமாட்டார், வழக்குரைஞர் எதையும் சொல்லாதே என்பார், தலைமை அதிகாரி கைபேசியை எடுக்கமாட்டார். வெளியே செய்தியாளர் அரை மணி நேரத்தில் பதில் கேட்பார். இவர்களிடமிருந்து சரிபார்த்த தகவலைக் கறந்து, மறுநாள் பொய்யென்று ஆகாத நான்கு வாக்கியங்களாக எழுதிக் கொடுப்பதே இத்தொழிலின் மையம். இனிமையாகப் பழகுவதால் மட்டும் இது நடவாது. மேலதிகாரியிடமே திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கும் பிடிவாதம் வேண்டும். வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளைச் சமாளித்தவருக்கு அது இல்லாமல் போகாது என்று நம்புகிறேன்.

அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை, நிறுவனங்களின் சொந்தத் தொடர்புப் பிரிவு ஆகியவையும் உண்டு. அவற்றில் வேகம் சற்றுக் குறைவு, ஒரே தரப்புக்கு மட்டும் பணியாற்றும் நிம்மதி உண்டு. ஆனால் பல துறைகளை விரைவாகக் கற்க, தொடக்கத்தில் உங்களை அழைத்திருப்பது போன்ற நிறுவனமே நல்லது.

ஆகவே நேர்காணலில் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: எத்தனை வாடிக்கையாளர்களை என்னிடம் ஒப்படைப்பீர்கள், நான் எழுதுவதை யார் திருத்துவார், இரவிலும் விடுமுறையிலும் வரும் அழைப்புகளை யார் முறைவைத்து ஏற்கிறார்கள்? ஆறேழு வாடிக்கையாளர்களைப் புதியவர் ஒருவரிடம் தள்ளிவிடும் இடத்தில் பட்டியல் நிரப்புவதைத் தவிர எதையும் கற்க முடியாது. இரண்டாவது கேள்விக்கு ஒருவரின் பெயரைத் தயங்காமல் சொன்னால் சேரலாம். கல்வியாண்டு முடிந்து ஏப்ரலில் வருவதாகச் சொல்லி அவகாசம் கேளுங்கள். அதற்குள் கோவையில் பம்ப்செட் செய்யும் நிறுவனம் ஒன்றின் புதிய தயாரிப்பைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் தலா 250 சொற்களில் ஓர் அறிக்கை எழுதிப் பார்த்து, எது உங்களுக்கு எளிதாக வருகிறது என்பதையும் நேர்காணலில் சொல்லுங்கள்.