மாட்டின் ஈரலும் மூட்டைக் கொழுப்பும்: கேள்வி-பதில்

கேள்வி: சினை மாடு, பால் வற்றி ஒரு மாதம் ஆகிறது. மாடு நன்றாகக் கொழுத்திருக்கிறது. இப்போதே பைபாஸ் கொழுப்பு (பெருவயிற்றில் கரையாமல் தாண்டிப் போகும்படி செய்த தீவனக் கொழுப்பு) கொடுத்தால் ஈன்ற பிறகு ஈரலில் கொழுப்பு படியாது என்று கடைக்காரர் ஒரு மூட்டை தந்தார். எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: கொடுக்கவே வேண்டாம். பிரிக்காத மூட்டை என்றால் திருப்பிக் கொடுங்கள். பல கடைகளில் கேட்டுச் சலித்த பொய் இது. ஈரலில் படிவது பெரும்பாலும் மாட்டின் உடம்பிலேயே சேர்ந்திருக்கும் கொழுப்புதான். ஈனும் தறுவாயில் மாடு தீனியைக் குறைத்துக்கொள்ளும். ஈன்றதும் பால் மடமடவென்று ஏறும், தீனி அந்த வேகத்தில் ஏறாது. பற்றாக்குறையை ஈடுகட்ட உடற்கொழுப்பு கரைந்து, ரத்தம் வழியாக ஈரலுக்குப் போகிறது. அதில் ஒரு பங்கைத்தான் ஈரலால் எரிக்க முடியும். மிச்சத்தை வெளியே அனுப்பும் திறன் அசைபோடும் பிராணிகளின் ஈரலுக்கு மிகக் குறைவு. அதனால் அங்கேயே தங்கிவிடுகிறது. கொழுத்த மாட்டுக்கு மேலும் கொழுப்பைத் தின்னக் கொடுத்து இதைத் தடுக்கலாம் என்பவர், நோயையே சரக்காக்கி விற்கிறார்.

வால் அடியில் இருபுறமும் உள்ள குழியைத் தொட்டுப் பாருங்கள். குழியே தட்டுப்படாமல் மெத்தென்று இருந்தால் மாடு அளவுக்கு மீறிக் கொழுத்திருக்கிறது. ஐந்து புள்ளி உடல்நிலை அளவில் (1 மிக மெலிவு, 5 மிகக் கொழுப்பு) 3 முதல் 3.5-க்குள் ஈனுவது நல்லது, 4-ஐத் தாண்டினால் ஆபத்து. அதற்காக இப்போது பட்டினி போட்டுவிடாதீர்கள். போட்டால் அதே கொழுப்பு இன்றைக்கே கரைந்து ஈரலில் ஏறும். உடலைச் சரிசெய்ய வேண்டிய காலம் கறவையின் கடைசி மாதங்கள், அது போய்விட்டது. இனி நார்த்தீனி தாராளமாக, அடர்தீவனம் அளவாக. தொட்டியில் எவ்வளவு மிச்சம் வைக்கிறது என்பதைத் தினமும் பாருங்கள்.

கேள்வி: பாலில் கொழுப்பு ஏற, தினம் அரை லிட்டர் எண்ணெயைத் தவிட்டில் ஊற்றுகிறேன். கொழுப்பு இறங்கிக்கொண்டே போகிறது.

பதில்: எண்ணெயை நிறுத்துங்கள். நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகளை அது முடக்குகிறது.

கேள்வி: ஈன்று இரண்டு மாதம். பருத்திக்கொட்டை 2 கிலோ, பைபாஸ் கொழுப்பு 400 கிராம் கொடுக்கிறேன். மாடு தீனியைக் குறைத்துவிட்டது.

பதில்: வாங்கும் முன் ஒரு கணக்குப் போட்டிருக்கலாமே! ஈரம் நீக்கிய எடையில் தினம் 15 கிலோ தின்னும் மாடு என்று வைத்துக்கொள்வோம். பருத்திக்கொட்டை போக மற்ற 13 கிலோ தீனியிலேயே ஏறக்குறைய 3 சதவீதம், அதாவது 390 கிராம் கொழுப்பு இருக்கும். கொட்டையில் கிட்டத்தட்ட 380, 400 கிராம் பைபாஸ் கொழுப்பில் 330-க்கு மேல். மொத்தம் 1,100 கிராம், 7 சதவீதத்துக்கும் மேலே. 6 சதவீதம் தாண்டினாலே கவனம் தேவை. இரண்டில் ஒன்றை விடுங்கள். தீனி குறைந்தால் ஈரலில் கொழுப்பு படியும் தொல்லையும் வரலாம்.

கேள்வி: ஈரலுக்கு நல்லது என்று கோலின் (வைட்டமின் போன்ற ஒரு சத்து) வாங்கி, ஈனும் முன்பும் பின்பும் கொடுத்தேன். மாடு படுத்துவிட்டது. லேபிளில் 'கோலின் குளோரைடு' என்று மட்டும் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், உங்கள் மேல் தவறில்லை. ஈரலிலிருந்து கொழுப்பை வெளியேற்ற கோலின் உதவுவது உண்மை. ஆனால் பூச்சுப் பாதுகாப்பு இல்லாத கோலின் பெருவயிற்றிலேயே பெரும்பாலும் சிதைந்துவிடும். இதைச் சொல்ல வேண்டியது விற்றவரின் கடமை. பில், லேபிள், பேட்ச் எண், மிச்சச் சரக்கு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி எழுத்தில் புகார் கொடுங்கள். மாட்டை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். படுத்ததற்குக் கால்சியம் குறைவும் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: பைபாஸ் கொழுப்பு அசலா என்று வீட்டில் பார்க்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். கொழுப்பைக் கால்சியத்தோடு சேர்த்துச் செய்த 'கால்சியம் உப்பு' வகையைக் கொதிக்கவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி போடுங்கள். அது உருகக் கூடாது, மேலே எண்ணெய்ப் படலம் திரளக் கூடாது. இன்னொரு கரண்டியில் வினிகரை விடுங்கள், நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக்கல் தூள் கலந்திருக்கிறது. ஒரு கடையில் நான் வாங்கிய மூட்டை அப்படித்தான் பொங்கியது. கேட்டபோது 'ஈரப்பதம்' என்றார்கள், பணம் திரும்பவில்லை. உருண்டை வடிவ ஹைட்ரஜனேற்றிய கொழுப்பு சூட்டில் உருகும், அது இயல்பு. கொழுப்பு எத்தனை சதவீதம் என்பதை ஆய்வகம்தான் சொல்லும்.

கேள்வி: ஈன்று பத்து நாள். அடர்தீவனத்தைத் தொடவில்லை, மூச்சில் ஒருவித இனிப்பு வாடை. ஈரல் டானிக் மூன்றாவது பாட்டில். வேறு எந்த டானிக் வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்காதீர்கள். அந்த வாடை கீட்டோன், உடற்கொழுப்பு அளவுக்கு மீறிக் கரையும்போது ஈரலில் உண்டாகும் பொருள். முதல் பாட்டிலுக்கு முன்பே மருத்துவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இன்றே கூப்பிடுங்கள், குளுக்கோஸும் புரோப்பிலீன் கிளைகாலும் எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.