தெருவிளக்கு எரியவில்லை என்றால் சொத்து வரியை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியில் எனக்கு 1,150 சதுர அடி வீடு உள்ளது. முன்னறையில் என் மகன் ஜெராக்ஸ் கடை நடத்துகிறான். அரையாண்டுக்கு 800 ரூபாயாக இருந்த சொத்து வரி, 2022 உயர்வில் 1,600 ரூபாயாகிவிட்டது. தெருவிளக்கு எரிவதில்லை, நன்றாக இருந்த நடைபாதையைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கல் பதிக்கிறார்கள். இப்படிச் செலவழிப்பவர்களுக்கு வரி கட்ட மறுக்கலாமா?

பதில்: மறுக்க இயலாது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954-இலேயே வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கியிருக்கிறது. கட்டணம் குறிப்பிட்ட சேவைக்காகப் பெறப்படுவது. வரியோ பொதுச் சுமை, செலுத்துபவருக்கு இன்ன பயன் கிடைக்கும் என்ற கைம்மாறு அதில் இல்லை. எனவே விளக்கு எரியாதது வரிப் பாக்கிக்கு எதிர்வாதமாக நிற்காது. நிலுவை ஏறுவதுதான் மிச்சம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காத வலுவான விஷயம் ஒன்று இருக்கிறது. சென்னைக்கு வெளியே உள்ள நகராட்சிகளில், 2022 உயர்வின்படி 601 முதல் 1,200 சதுர அடி வரையிலான குடியிருப்புக்கு 50 விழுக்காடுதான் கூடியிருக்க வேண்டும். அதாவது உங்களுக்கு 1,200 ரூபாய். முழு 100 விழுக்காடு என்பது 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் உரியது. மகனின் கடையைக் கண்டு வீடு முழுவதையும் வணிகக் கட்டடமாகப் பதிந்திருப்பார்கள் என்றே ஊகிக்கிறேன். சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கப்படலாகாது என்கிறது அரசமைப்பின் 265-ஆம் உறுப்பு. கடை உள்ள பரப்பை மட்டும் தனியாக அளந்து வகைப்படுத்துமாறு ஆணையருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். அதுவரை ஆட்சேபணையைக் குறிப்பிட்டே வரியைக் கட்டி வாருங்கள்.

செலவைக் கேள்வி கேட்கும் வழி வேறு. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நடைபாதைப் பணிக்கான நகர்மன்றத் தீர்மானம், செலவு மதிப்பீடு, அளவுப் புத்தகம் (நடந்த பணியின் அளவுகளைப் பதியும் பதிவேடு) ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அந்தச் சட்டத்தின் 2(j) பிரிவு, பணியை நேரில் பார்வையிடவும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும்கூட உரிமை தருகிறது. இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. கிடைக்கும் தாள்களோடு உங்கள் வார்டு உறுப்பினரை அணுகி, நகர்மன்றக் கூட்டத்தில் எழுப்பச் சொல்லுங்கள். பெயர்த்த பழைய கல்லின் நிலையைக் காட்டும் படங்கள் இருந்தால் இப்போதே பத்திரப்படுத்துங்கள்.